கணினி ஆசிரியர் கணினி முன் உட்கார நேரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு கற்றுத்தருவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கணினிகள், இணைய வேகம், மாணவர் ஆர்வம் எல்லாம் அதில் இருந்தன. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அந்தப் பாடத்தில் எவ்வளவு தைரியம் இருக்கிறது என்பது இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

இருபது வருடங்களுக்கு மேலாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளும் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியும் பாடத்தில் இருந்தவரை புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவேன். 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்ற வேறொரு நிரல் மொழி வந்தது. சில நாள் பயிற்சியும் கிடைத்தது. திரையில் ஸ்லைடு ஓடிய நேரம்தான் அதில் அதிகம், நாங்கள் கணினியைத் தொட்ட நேரம் குறைவு.

அந்த வருடம் லேபில் ஒரு மாணவியின் நிரல் ஓடவில்லை. எழுத்துக்கு எழுத்து புத்தகத்தில் உள்ளபடியேதான் இருந்தது. சி பிளஸ் பிளஸில் அடைப்புக்குறி சரியாக இருந்தால் போதும், வரியைத் தள்ளி எழுதுவது பார்வைக்கு மட்டும். பைத்தானில் அந்த இடைவெளிதான் இலக்கணமே. அவள் நோட்பேடில் ஒரு வரியைத் தள்ள டேப் விசையைத் தட்டியிருந்தாள், அடுத்த வரிக்கு ஸ்பேஸ் விசையை. இரண்டையும் இப்படிக் கலந்தால் பைத்தான் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனக்கு அன்று பிடிபடவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றேன். அப்புறம் பல வாரங்கள், புத்தகத்தில் இல்லாத எதையும் லேபில் முயன்று பார்க்க யாரையும் நான் விடவில்லை. கேள்வி வந்துவிடுமோ என்ற பயம். நஷ்டம் பிள்ளைகளுக்கு. செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணுக்காக ரெக்கார்டு நோட்டில் இருந்த நிரல்களை மனப்பாடம் செய்தார்கள்.

பயம் தெளிந்தது பயிற்சி அரங்கில் அல்ல. பக்கத்துப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளில் ஒரு லேபில் கூடினோம். வேண்டுமென்றே தப்பாக எழுதி, என்ன பிழைச் செய்தி வருகிறது என்று பார்த்தோம். தெரியாததை வெட்கப்படாமல் கேட்க அங்கே ஆள் இருந்தது. ஒரு வருடம் பிடித்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 2014இல் ஐந்து வயதிலிருந்தே கணினிப் பாடம் என்று கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் தடுமாறுவது தெரிந்த பிறகு, 2017 நவம்பரில்தான் அவர்களைத் தயார்செய்ய 8.4 கோடி பவுண்டு அறிவித்தார்கள்.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்க்ராட்ச் என்ற, கட்டங்களை அடுக்கி நிரல் உருவாக்கும் மென்பொருள் இருக்கிறது. அதை நடத்த வேண்டியவர் இயற்பியலோ விலங்கியலோ படித்தவர். அவருக்கு அதை யார் உட்கார வைத்துக் காட்டினார்கள்? என்னைப் போன்றவர்கள் காட்டலாம். ஆனால் பள்ளியில் எங்கள் ஓய்வுப் பாடவேளைகள் மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றுவதிலேயே கரைகின்றன. "கம்ப்யூட்டர் டீச்சர்தானே, நீங்களே போட்டுவிடுங்கள்" என்கிறார்கள்.

அந்தப் பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு வேலைநாள், ஒன்றியத்தில் உள்ள கணினி, அறிவியல் ஆசிரியர்கள் ஒரே லேபில் கூடி நிரல் எழுத அனுமதி வேண்டும். புதுப் பாடம் எதுவானாலும், புத்தகம் மாணவர் கைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்