மு.வ.வைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தேசிய இலக்கியத்தை வளர்த்தவர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். பாரதி, நாமக்கல் கவிஞர், கல்கி என்று ஊர் ஊராகப் போற்றிவந்த கட்டுரையாளர், எங்கள் பக்கம் வந்ததும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வேலூர் தந்தது சிறைச்சாலையை." ராஜாஜி 1921-22இல் இங்கே அடைபட்டிருந்து நாட்குறிப்பு எழுதினார், உண்மைதான். கட்டுரையாளர் கம்பிக்கும் சுவருக்குமாவது நன்றி சொன்னாரே, எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் கடமைப்பட்டிருக்கிறது.

அதே கட்டுரையில் 'மதுரை மு.வ.' என்று ஒருவர் வருகிறார். தங்களுக்குத் தெரியாததல்ல, மு.வரதராசன் வாலாஜாவை அடுத்த வேலத்துக்காரர். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மதுரைக்குத் துணைவேந்தராகப் போனது 1971இல், கடைசிக் காலத்தில். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய 'அகல் விளக்கு' வாலாஜா மண்ணில் முளைத்த கதை. தமிழுக்கு இலக்கிய வரலாறு எழுத அகாதெமி தேடிப் பிடித்ததும் இவரைத்தான். 1972இல் வந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் நான் வகுப்புக்குள் போனதே இல்லை.

வாணியம்பாடிக் கல்லூரியில் பல காலம் தமிழ் சொல்லிக்கொடுத்த கவிக்கோ அப்துல் ரகுமான் பிறந்ததுதான் மதுரையில். வேண்டுமானால் அவரை எடுத்துக்கொள்ளுங்கள், மு.வ.வைத் திருப்பிக் கொடுங்கள்.

சரி, இதெல்லாம் எங்களுக்குப் புதிதா? பல வருஷத்துக்கு முன் தங்கள் இதழில் என் சிறுகதை ஒன்று வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பெண், "இன்னாம்மே, கூலி வாங்கிகினு வந்துட்டியா?" என்று கேட்பதாக எழுதியிருந்தேன். அச்சில் அவளே, "என்னம்மா, கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயா?" என்று செய்தி வாசித்தாள். அடுத்த பக்கத்து நெல்லைக் கதையில் "வாரும்வே" ஒரு சேதாரமும் இல்லாமல் இருந்தது! எங்கள் 'கினு' சினிமாவில் சிரிப்புக்கு ஆகும், இலக்கியத்தில் மட்டும் தீட்டா? அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. தபாலைக் குறை சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'மு.வ.வின் ஊர் வேலம்' என்று பிழைதிருத்தம் போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம். என் ராசியாக இருந்தாலும் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வாலாஜாபேட்டை.