அத்தைக்கு, அந்த டின்னைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

நாளையோடு நீங்கள் கண்மூடி ஒரு வருஷம். காலையில் சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார், மத்தியானம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. எல்லோரும் உங்கள் பொறுமையைப் பற்றிப் பேசுவார்கள், நானும் பேசுவேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

அந்த மூன்று மாதம் வீட்டுக்கு ஏன் சம்பளம் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஆட்களும் இதை வாசிப்பார்கள், அதனால் அது வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி, அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு பிடிகூடத் தேறவில்லை. பக்கத்திலேயே உங்கள் பால்மாவு டின், வாய் வரைக்கும் கைப்பிடி அரிசி. உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அள்ளிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவீர்கள். என்ன கஷ்டம் வந்தாலும் அந்தப் பிடி மட்டும் குறையாது. எனக்கு அதுதான் ஆத்திரம். டின்னை அப்படியே சட்டியில் கொட்டிக் களைந்தேன். நீங்கள் வாசல்படியில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

சாப்பிட வந்து உட்கார்ந்தீர்கள். "உப்பு கொஞ்சம் கம்மி பிள்ள" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் கடனுக்கு வாங்கிவந்த அரிசியிலிருந்து முதல் பிடி அந்தக் காலி டின்னுக்குள் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மன்னித்துவிடுங்கள் அத்தை. ஆனால் பையனுக்கு அப்போது நாலு வயசு, பசியில் அழுதுகொண்டிருந்தான். நான் செய்தது தப்பென்றால், தாவீது பசியில், ஆசாரியர்கள் மட்டும் சாப்பிட வேண்டிய தேவசமுகத்து அப்பத்தைச் சாப்பிட்டதும் தப்புதான். அன்றைக்கே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீங்கள். இயேசு வீட்டுக்கு வந்தபோதும் வேலை வேலை என்று அலைந்த மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்க்கத் தெரிந்ததே!

"கர்த்தரை நோக்கி அமர்ந்து, அவருக்குக் காத்திரு." 37ஆம் சங்கீதத்தில் உங்கள் வசனம். நீங்கள் அமர்ந்திருந்தீர்கள், நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். அதே வசனத்தில் "எரிச்சலாகாதே" என்றும் இருக்கிறது. அது எனக்குத்தான் போல.

ஒருமுறை டோனாவூருக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் குழியில் விழுந்து அடிபட்டு, 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்ததைச் சொன்னீர்கள். கல்லறைக் கல் வேண்டாம் என்றாராம். பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டிதான் அங்கே. நீங்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். எனக்கு பஸ்ஸைப் பற்றிய கவலை. பிறகு நீங்களே எட்டு மாதம் படுத்தீர்கள். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஊரே இருந்தது, உங்களுக்கு நான் ஒருத்திதான். அந்த எட்டு மாதத்தில் என்னைப் பார்த்து "நீ தூங்கினியா" என்று இரண்டே தடவை கேட்டீர்கள். எண்ணி வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை நான் பதில் சொல்லவில்லை. படுக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடன் இன்னும் அடையவில்லை. பையன் கணக்கில் ஃபெயில். மோட்டார் திரும்பவும் ரிப்பேர். முன்பெல்லாம் இதில் ஒன்று போதும், அன்றைக்கு வீடே அதிரும். இப்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, கத்துவதற்கு முன்னால் அரிசி அளக்கப் போய்விடுகிறேன். ஜெபம் என்று சொல்ல மாட்டேன், ஒரு வார்த்தையும் வாயில் வருவதில்லை. கை மட்டும் பானைக்குள் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கிறது. அப்புறம் ஒரு பிடி.

ஆமாம், பரணிலிருந்து டின்னை இறக்கிவிட்டேன். மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்கிறேன். உங்கள் கை எனக்கு இல்லை, என் பிடி சின்னது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி டின்கூட வராது.

உங்கள் மருமகள்