கழுவாத புட்டியை இறக்கிவிடுங்கள்: ஹூஸ்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன் புறநகர்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தாயிற்று. ஊருக்குப் போனவர்கள் வத்தலும் பொடியுமாகத் திரும்பி வந்தாயிற்று. பெட்டியைப் பிரித்து வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கொல்லைப்பக்கம் போய், ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவை குடிப்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மே மாதம் தொங்கவிட்டுப் போன அந்தச் சிவப்புப் புட்டியைப் பாருங்கள்.

நான் இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தேன், பத்து வாரம் கோவையில் இருந்துவிட்டு வந்த மறுநாள் காலை. அடியில் இரண்டு விரல் அளவு சர்க்கரைத் தண்ணீர் மீதி இருந்தது, மோர் மாதிரி கலங்கி. மூடியைத் திறந்ததும் புளித்த கள் வாடை. பறவை அலகை நுழைக்கும் பிளாஸ்டிக் பூவின் துளையைச் சுற்றிக் கரி பூசியதுபோல் பூஞ்சணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு ஹம்மிங்பேர்ட் வந்தது. என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் அந்தரத்தில் நின்றது. துளையைப் பார்த்தது. போய்விட்டது. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு ஊசிப்போனதை வைத்த மாதிரி இருந்தது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்து வருவது செப்டம்பர். நம் பகுதிக்கு வரும் ஹம்மிங்பேர்டில் பெரும்பாலானவை ரூபி த்ரோட்டட் வகை. ஆணின் கழுத்து வெயில் பட்டால் மாணிக்கமாக மின்னும், நிழலில் கறுப்பாகத் தெரியும். எடை சுமார் 3 கிராம், ஒரு பென்னி நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கோடையில் கனடாவின் தென்பகுதி வரை போய்க் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் திரும்புகிறது. வழியில் மெக்சிகோ வளைகுடா. சில பறவைகள் சுமார் 800 கிலோமீட்டர் கடலை எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடக்கின்றன. இன்னும் பல டெக்சாஸ் கரையை ஒட்டியே தெற்கே போகின்றன. அதனால்தான் செப்டம்பரில் நம் தெருக்களில் இவ்வளவு நடமாட்டம். தெற்கே ராக்போர்ட் என்ற கடற்கரை ஊரில் அந்த மாதம் இந்தப் பறவைக்கென்றே விழா எடுக்கிறார்கள். பயணத்துக்கு முன் கொழுப்பு சேர்த்து உடல் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். இந்த வருடம் பிறந்த குஞ்சும் தனியாகத்தான் போகிறது. தாய் கூட வந்து வழி காட்டுவதில்லை. அந்தக் குஞ்சு இறங்கிச் சாப்பிடும் இடங்களில் ஒன்று உங்கள் கொல்லை.

சரி, என்ன ஊற்றுவது? வெள்ளைச் சர்க்கரை ஒரு டம்ளர், தண்ணீர் நான்கு டம்ளர். கரைத்து, ஆறவைத்து ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்று வீட்டில் நாட்டுச்சர்க்கரைக்கு மாறியவர்கள், பறவைக்கும் நல்லதைக் கொடுப்போம் என்று வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் கலக்கிறார்கள். ஓர் அக்கா பனங்கற்கண்டு போட்டதாகப் பெருமையாகச் சொன்னார்கள். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் உள்ள இரும்புச்சத்து நமக்கு நல்லது, அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. தேன் கலந்த தண்ணீரில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, புட்டியின் சிவப்பே போதும்.

அப்புறம் கழுவுவது. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அடிக்கும் நம் வெயிலில் இந்தத் தண்ணீர் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறதோ அந்த அளவு மட்டும் ஊற்றி, மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். மாற்றும்போதெல்லாம் சுடுதண்ணீரில், துளை துளையாகப் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். கறுப்பு தெரிந்தால் வினிகரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். எறும்பு வந்தால் கம்பியில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், இறகில் ஒட்டிக்கொள்ளும். நம் அம்மாக்கள் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதேதான் வழி. புட்டிக்கு மேல் மாட்டச் சின்னத் தண்ணீர்க் கிண்ணம் கடையிலேயே கிடைக்கிறது. புட்டியை ஜன்னலுக்கு மூன்றடிக்குள் மாட்டுங்கள், அப்போது கண்ணாடியில் வேகமாக வந்து மோதாது. ஒரு முரட்டு ஆண் மற்றவற்றை விரட்டினால், வீட்டின் மறுபக்கம் அதன் கண்ணில் படாத இடத்தில் இன்னொன்று மாட்டுங்கள்.

இதெல்லாம் முடியாது, வேலை அதிகம் என்றால் தவறே இல்லை. புட்டியை இறக்கிக் கழுவி அலமாரியில் வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும் முன்னும் அப்படியே செய்யுங்கள். புட்டி இல்லாத கொல்லையால் பறவைக்கு ஒரு கேடும் இல்லை, வேறிடம் தேடிக்கொள்ளும். தொங்கவிட்டால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பகல் குறையக் குறைய அது தானாகக் கிளம்பிவிடும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. கொசு மருந்து. மாதச் சந்தா கட்டி வேலியோரம் முழுக்க அடிக்கச் சொல்கிறோம். ஹம்மிங்பேர்ட் தேனை மட்டும் குடித்து வாழ்வதில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னப் பூச்சிகளும் சிலந்திகளும்தான் அதற்குப் புரதம். குஞ்சுக்குத் தாய் அவற்றையும்தான் ஊட்டுகிறது. கூட்டையே சிலந்தி நூலால்தான் கட்டுகிறது. வால்நட் அளவுக் கூடு, குஞ்சு வளர வளர அந்த நூல் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர், மறுபக்கம் மருந்து அடித்த செடி என்றால் சோற்றைப் போட்டுக் குழம்பைப் பிடுங்கிக்கொண்ட கதை. தொட்டித் தட்டில், பழைய வாளியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டினாலே கொசு குறைகிறது. எங்கள் வீட்டில் சந்தாவை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. சாயங்காலம் உட்காரும்போது ஃபேன் போட்டுக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால் செடி வையுங்கள் என்பேன். செடியைக் கழுவ வேண்டியதில்லை, நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் அது பூக்கும். நம் மல்லிகையும் கறிவேப்பிலையும் இருக்கட்டும், ஹம்மிங்பேர்டுக்கு அவற்றில் வேலையில்லை. டர்க்ஸ் கேப் என்று இந்த மண்ணின் செடி ஒன்று உண்டு. ஊரில் வேலியோரம் விரியாமலே சிவப்பாக இருக்குமே ஒரு செம்பருத்தி, அதன் உறவு. ஓக் மர நிழலிலும் வரும், வெயிலையும் தாங்கும், கோடை தொடங்கி இலையுதிர்காலம் வரை பூக்கும். செப்டம்பரில் என் செடியைச் சுற்றி விடிந்தும் விடியாததுமாகச் சண்டை தொடங்கிவிடும். வேலிக்கு ஏற்றிவிட கோரல் ஹனிசக்கிள் கொடி நல்லது. மார்ச்சில் முதல் பறவைகள் வடக்கே திரும்பும்போது அதில் பூ இருக்கும். வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள், ஜப்பானிய ஹனிசக்கிள் வேண்டாம். அது படர்ந்து காட்டையே அமுக்கிவிடும்.

எங்கள் வீட்டு டர்க்ஸ் கேப்பிலிருந்து தண்டு வெட்டி பதினோரு தொட்டியில் பதித்திருக்கிறேன். எல்லாம் வேர் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து வைத்திருப்பேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் மட்டும் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி