நம் பூங்காவுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நகர்வாசிகளுக்கு,

முதல் நன்றி நம் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு. சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த அந்த இடம் யாருடையது என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கீகரித்த லே-அவுட் வரைபடத்தைத் தேடி எடுத்து, அது பூங்காவுக்கென ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று காட்டியவர் அவர்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் சாலைகள் போக மீதியில் 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்பதே நம்மில் பலருக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தின் நகலையும் வாங்கிவிட்டார். அதற்கப்புறம் யாரும் வேலி போட வரவில்லை.

முள் வெட்டி, மண் நிரவி, புங்கமும் வேம்பும் நட்ட மாநகராட்சித் தொழிலாளர்களுக்கு நன்றி. வெயில் காலம் முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிய மூன்றாம் தெருப் பெண்களுக்கும்.

பூங்கா வந்ததும் புதுச் சிக்கலும் வந்தது. எட்டு வடிவ நடைபாதையில் நடக்கும் பெரியவர்கள், கிரிக்கெட் ஆடும் பையன்கள், ஷட்டில் குழு, ஊஞ்சலுக்கு வரும் சிறு பிள்ளைகள் என எல்லாருக்கும் மாலை ஐந்து மணிதான் வேண்டும். இதைப் பேசித் தீர்த்தது பையன்களே. சின்னப் பிள்ளைகள் போகும்வரை ரப்பர் பந்தில் மட்டும் ஆடுவதாகச் சொன்னார்கள். சொன்னபடி இன்றுவரை நடக்கிறார்கள். தம்பிகளா, உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திடலில் இன்னும் இடம் போதவில்லை. சனிக்கிழமை காலையை அவர்களுக்கு விட்டுத்தர ஷட்டில் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் நன்றி.

எனக்கு மிகவும் பெரிதாகப்படும் உதவி, மருந்துக்கடை அண்ணன் செய்தது. பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டினால் மாலை நான்குக்குத்தான் கதவு திறக்கும் என்றிருந்தது. மதியம் யார் வரப்போகிறார்கள் என்றுதான் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார் மதியச் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உணவு கொண்டுவரும் டெலிவரி பையன்கள் அடுத்த ஆர்டர் வரும்வரை எந்த நிழலில் நிற்கிறார்கள் என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அன்றிலிருந்து மதியமும் திறந்து வைத்திருக்கிறார். இப்போது புங்க மரத்தடி பெஞ்சுகள் அந்த நேரத்தில்தான் நிறைகின்றன. அவர்களும் இந்த நகரின் ஆட்கள்தான். வீட்டு வரி ரசீது இருந்தால்தான் பூங்கா என்று எந்த விதியும் இல்லை.

கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும், குடிநீர்க் குழாயும் இன்னும் வரவேண்டும். மனு தயார், நம் வார்டு அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் மருந்துக்கடையில் வந்து போட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
குடியிருப்போர் நலச் சங்கத்துக்காக,
செயலாளர்