பொங்கல் கார்ட் கிடைத்தது

கல்லடி, மட்டக்களப்பு
மாசி 18

அன்புள்ள மகளுக்கு,

பொங்கல் கார்ட் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. தபால்காரர் முதல்நாளும் வந்து பார்த்திருக்கிறார், நாங்கள் மாமாங்கத்துக்குப் போயிருந்தோம். மாசியில் வந்தால் என்ன, கார்ட் கார்ட்தானே என்று அம்மா சொல்கிறா. கண்ணாடி போடாமலேயே பார்த்து, "நல்ல வடிவு" என்று சொல்லி சோகேசில் வைத்துவிட்டா. பழைய வருடத்துக் கார்டெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

அம்மா படுத்த பிறகு நான் எடுத்து வைத்துப் பார்த்தேன். பானை வெட்டு நல்ல சுத்தம், விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கரும்புத் தோகையை அவ்வளவு மெல்லிசாக வெட்டி, கிழியாமல் டைத் தகட்டிலிருந்து கழற்றி எடுத்திருக்கிறாய். மெழுகுக் கடதாசி வைத்து வெட்டினாயா? பிரஸ்ஸில் நாங்கள் பிளைவுட் பலகையில் இரும்புத் தகட்டை வளைத்து இறக்கி, பக்கத்தில் றப்பர் துண்டு ஒட்டித்தான் வெட்டுவோம். றப்பர் தள்ளாவிட்டால் மட்டை தகட்டோடேயே நின்றுவிடும். நீ வீடியோவில் உன்னுடைய டையைக் காட்டினபோது, உள்ளங்கை அளவுத் தகடு என்ன வெட்டப்போகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில் வைத்து, உருளைக்குள் விட்டுக் கையால் சுற்ற, வெட்டித்தான் வந்தது. தட்டை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போடு. ஒரே பக்கம் விட்டால் வளைந்து ஒருநாள் வெடித்துவிடும். கை கவனம். அதுக்குள் விரல் போக இடமே இல்லை அப்பா என்று நீ சிரிப்பாய். பிரஸ்ஸில் என்ட டிரெடில் மெசினிலும் இடம் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தங்க எழுத்தும் நல்லாய் எழும்பியிருக்கிறது. மை காய முதல் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூட்டுக்காற்றுப் பிடிக்க வேண்டும் என்று நீ சொல்லித் தந்தது நினைவிருக்கிறது. ஆனால் "ங்" இன் வளைவுக்குப் பக்கத்தில் மூன்று நாலு பொட்டுப் பொடி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மட்டையில் எங்கேயோ ஈரம் பட்டிருக்கிறது. முந்தியென்றால் இதை நீ வெளியில் விடமாட்டாய், கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று செய்வாய். மட்டையும் இந்த முறை மெல்லியது, சதுர மீற்றருக்கு 200 கிராம்கூட வராது. மட்டையில் காசு பார்க்காதே என்று எத்தனை தரம் சொன்னேன்.

குறை சொல்ல எழுதவில்லை. உன்னுடைய கார்டை இங்கே ஆருக்குக் காட்டினாலும் கடையில் வாங்கினதா என்று கேட்கிறார்கள், இல்லை, என்ட மகள்ட கை என்று சொல்வதில் எனக்கு ஒரு கெப்பர்.

ஆனால் அந்த மாவிலை. உள்ளே, நீ பெயர் எழுதின இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். இலை வடிவுதான். அந்த இடத்தில் அதுக்கு வேலையில்லை. இடப்பக்கம் வெறுமையாய்க் கிடக்க வலப்பக்கம் பாரமாய் நிற்கிறது. முன்பக்கத்து இலையெல்லாம் நுரை டேப்பில் எழும்பி நிற்க, இது மட்டும் விளிம்பு முழுக்கப் பசை பூசி அழுத்தி ஒட்டியிருக்கிறது. உன் கை அப்படி வைக்காது.

சாப்பிடுகிறாயா? வேலையால் வந்து மேசையிலேயே குனிந்துகொண்டு இருக்காதே. சூட்டுக்காற்று மெசினைப் பிடிக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. மருமகன் சுகமா என்று கேட்கச் சொன்னா அம்மா. மார்கழிக்குப் பிறகு வீடியோவில் காணவில்லை. வேலை என்று சொன்னாய். சரி, வேலையாய்த்தான் இருக்கும், ரொறன்ரோவில் எல்லாருக்கும் வேலை. இங்கே சின்ன மாமாவுக்கு முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது. வேறும் ஏதோ செய்தி எழுத இருந்தது, இப்போது வருகுதில்லை.

நான் உனக்கு முதல் முதல் வெட்டித் தந்த சீல் நினைவிருக்கிறதா? கரண்ட் வருவதும் போவதுமாய் இருந்த காலம், டிரெடிலைக் காலால் மிதித்துத்தான் வேலை. பழைய செருப்பின் குதியை அறுத்து, பிளேடால் ஒரு மீன் வெட்டித் தந்தேன். பாடுமீன், பாடுமீன் என்று பெத்தாட வீட்டுச் சுவரெல்லாம் குத்தி வைத்தாய். மறுகா நீயே அழிறப்பரில் உன் பெயரை வெட்டினாய். நேரே வெட்டிவிட்டு, குத்தினால் எழுத்து மறுபக்கமாய் வருகிறது என்று ஒரே அழுகை. அன்றைக்குத்தான் ஈய எழுத்து நாலைக் கையில் தந்து, அச்செழுத்து இப்படித்தான் கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும், இதை இப்படியே வாசிக்கப் பழகு என்றேன். ஒரு கிழமையில் பழகிவிட்டாய். எனக்குப் பழக மூன்று மாதம் பிடித்தது.

அதனால் உனக்கு நான் சொல்லப்போவது விளங்கும். கார்டை மூடுகிற நேரம் பின்பக்கம் விரலில் என்னவோ தட்டுப்பட்டது. நீ எப்போதும் பேனையை அழுத்தி எழுதுகிறவள், மட்டையும் மெல்லியது. இலைக்கு நேர் பின்னால் எழுத்து மேடாய் நிற்கிறது. மறுபக்க எழுத்து. என்ன செய்ய, அதை வாசித்துத்தானே நாங்கள் சோறு தின்றோம்.

இலையைக் கிளப்பிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பழக்கத்தில் கை எழுதிவிட்டது, பிறகு மூடினாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நேற்று இரவு முழுக்க உன் கலியாணக் கார்டுதான் கண்ணுக்குள் நின்றது. 2013, புதுப் பாலம் திறந்த வருடம். 600 கார்ட். எழுத்தை வெளியில் ஓப்செற்றில் அடித்தாலும், வெட்டும் மடிப்புக் கோடும் என்ட டிரெடிலில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பின்னேரம் நீ வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்றாய். "அப்பா, ஒரு விசயம் கதைக்க வேணும்" என்றாய். நான் மட்டை வைக்கிற கையை நிறுத்தவில்லை. "கார்ட் அடிச்சாச்சு மகள், எதெண்டாலும் மறுகா கதைப்பம்" என்றேன்.

நீ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கரண்டியின் முதுகால் மடிக்கத் தொடங்கினாய். 600 கார்டும் நீதான் மடித்தாய். ஒரு மடிப்புக்கூட வெடிக்கவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைத்தான் காட்டினேன், கலியாணப் பொம்பிளை தன்ட கார்டைத் தானே மடிச்சிருக்கிறா என்று.

அந்த மறுகா பிறகு வரவேயில்லை. நான் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன். மறக்கவில்லை மகள். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். 600 கார்ட் என்ன, மட்டைச் செலவு. தாத்தாவின் பெயரில் ஒரு கால் விடுபட்டது என்று சொன்னவனுக்கெல்லாம் என் காசில் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

சரி. வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். உன் பேரில் இருக்கிற வீடு, உன்னைக் கேட்காமல் கொடுக்க ஏலாது என்று அனுப்பிவிட்டேன். சும்மா இருக்க ஏலாமல் முன் அறைக்கு வெள்ளை அடித்தேன். பிரஸ் மேசையைக் கழுவி ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், நல்ல வெளிச்சம் வருகிறது. மாரியில் மட்டை சுருளும், மையும் காயாது, அதுதான் ஒரு கரைச்சல். இரும்பு அலுமாரிக்குள் ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு வைத்தால் அதுவும் நிற்கும். நான் முந்தி அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்.

சித்திரைக்குக் கார்ட் செய்வதென்றால் தடித்த மட்டையாய் எடு. நார் ஓடுகிற பக்கம் பார்த்து மடி. உன் பெயரை மட்டும் எழுதினால் காணும், அதுக்குமேல் ஒன்றும் ஒட்ட வேண்டாம். தட்டைப் புரட்டிப் போட மறக்காதே. கை கவனம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போவா. ஐந்து மணியிலிருந்து நான் தனியத்தான் இருப்பேன், உனக்கு அப்போது விடிய ஆறரை. அந்த நேரம் எடு. டிரெடிலைப் போன வருடமே இரும்புக்குக் கொடுத்துவிட்டேன், கையில் வேலை ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
அன்பு அப்பா