எங்கள் மழலையர் பள்ளிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

கோயில் மண்டபத்தை ஒட்டி நடைபெற்றுவரும் எங்கள் மழலையர் பள்ளிக்கு, அரசின் அடிப்படைக் கல்வித் துறை மழலையர் பள்ளிகளைப் பதிவுசெய்ய 2025ஆம் ஆண்டு தொடங்கிய 'பானா பெலே' (குழந்தைகளே முதலில்) இயக்கத்தின் வழியே, முதல் படியான வெண்கலப் பதிவு கிடைத்துள்ளதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். தகுதியுள்ள ஏழைக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பல ஆண்டுகளாக 17 ராண்டாக இருந்த அரசு மானியம் இப்போது 24 ராண்டாக உயர்ந்துள்ளது. பதிவு பெறாத பள்ளிக்கு அதில் ஒரு சென்ட்டும் வராது என்பதால், விண்ணப்பத் தாள்களை ஒன்றுவிடாமல் தொகுத்துக் கொடுத்த நம் ஓய்வுபெற்ற எழுத்தர்களுக்கு முதல் நன்றி உரியது.

2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் மண்டபத்தின் பின்சுவர் சரிந்தபோது, தம் வீடுகளிலும் சேறு நிறைந்திருக்க, கூலி வாங்காமல் வந்து கட்டித்தந்த கொத்தனார்களையும் குழாய்ப் பணியாளர்களையும் நாங்கள் மறக்கவில்லை. நாள்தோறும் காலையில் கூழும், நண்பகலில் பருப்புச் சோறும் சமைத்துத் தரும் சகோதரியருக்கும் எங்கள் நன்றி. மருத்துவ நிலையச் செவிலியர்கள் பள்ளிக்கே வந்து, ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் உயரத்தையும் மேல்கையின் சுற்றளவையும் அளந்து வளர்ச்சிப் புத்தகத்தில் பதிகிறார்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டும் குடற்புழு நீக்க மருந்தும் தவறாமல் தருகிறார்கள். மெலிந்து வரும் பிள்ளையை முன்கூட்டியே கண்டறிய முடிவது அவர்களால்தான்.

ஆயினும், எங்கள் மனத்தில் எல்லா உதவிகளுக்கும் மேலாக நிற்பது முதிய பெண்களின் உதவியே. 2021ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்தப்பட்ட 'த்ரைவ் பை ஃபைவ்' அளவீட்டின்படி, மழலையர் பள்ளிகளுக்குச் சென்றுவந்த நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 57 பேர் தம் வயதுக்குரிய கற்றல் திறனையோ உடல் வளர்ச்சியையோ எட்டியிருக்கவில்லை. பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது, பிள்ளையோடு பேச ஆள் வேண்டும் என்பதை அந்த எண் எங்களுக்கு உணர்த்தியது. அதைக் கேட்டதும் நம் தமிழ்ப் பாட்டிகளான ஆயாமாரும், அண்டையில் வாழும் ஜூலு இனப் பாட்டிகளான கோகோமாரும் தாமாகவே முறைவைத்து வரத் தொடங்கினார்கள். ஒரே பாயில் அமர்ந்து தத்தம் மொழியில் கதை சொல்கிறார்கள். அவரையையும் சோளத்தையும் எண்ண வைக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டால், பிள்ளை தன் சொற்களைத் தேடிப் பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். பெரிய வகுப்பை ஒற்றை ஆளாகக் கவனிக்கும் ஆசிரியையால் எவ்வளவு விரும்பினாலும் செய்ய இயலாத பணி அது. சேர்ந்த புதிதில் வாய் திறவாதிருந்த பிள்ளைகள் இன்று இரண்டு மொழிகளிலும் வணக்கம் சொல்வதைப் பெற்றோர்கள் எங்களிடம் பூரிப்போடு சொல்கிறார்கள்.

வாடகையின்றி மண்டபத்தை அளித்துவரும் அறங்காவலர்களுக்கும், காவடி விழாக் காலத்தில் நன்கொடை திரட்டித் தந்த இளைஞர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. அடுத்து வெள்ளிப் பதிவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. படப் புத்தகங்களும் மரப் பொம்மைகளும் அளிக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் செயலாளரைச் சந்திக்கலாம்.

இங்ஙனம்,
மழலையர் பள்ளி நிர்வாகக் குழுவினர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்