துப்பாக்கிகளை இன்றே ஒப்படைத்துவிடு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. தொலைபேசியில் பேசினால் நம் இருவர் குரலும் உயர்ந்துவிடும் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நேற்று மாலை ஷெரிஃப் அலுவலகத்தார் உன் கையில் கொடுத்துச் சென்ற, உன் மனைவி உனக்கு எதிராகப் பெற்ற தற்காலிகத் தடை உத்தரவை இரண்டு முறை படித்தேன். நீதிமன்றத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவனுக்கு, உத்தரவு கைக்கு வந்த நிமிடத்திலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் துப்பாக்கிகளை ஒப்படைக்க அந்தக் கெடு 24 மணி நேரம். வந்த அதிகாரி கேட்டிருந்தால் அங்கேயே கொடுத்திருக்க வேண்டும். அவர் கேட்காததால் கெடு நீண்டுவிடாது.

மூன்று வாரத்தில் விசாரணை வந்துவிடும், அதுவரை அலமாரியில் பூட்டி வைக்கிறேன் என்றாய். அந்த மாநிலச் சட்டம் தற்காலிக உத்தரவுக்கும் பொருந்தும். சாவி உன்னிடம் இருக்கும்வரை துப்பாக்கியும் உன்னிடம் இருப்பதாகவே பொருள். நண்பன் வீட்டில் கொடுத்துவைப்பதும் செல்லாது. போலீஸாரிடம் ஒப்படைக்கலாம், அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் விற்கலாம், கட்டணம் கட்டி அவர் பொறுப்பில் வைக்கலாம். தோட்டாக்களையும் கழற்றி வைத்திருக்கும் பாகங்களையும் விட்டுவிடாதே. நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தோட்டாக்களை நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்து எடுத்துப் போ. கையில் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிடாதே. பெற்றுக்கொண்டவரிடம் அதற்கான ரசீதான டிவி-800 படிவத்தில் கையொப்பம் வாங்கி, உத்தரவு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டாலே உத்தரவை மீறியதாகிவிடும். கிரீன் கார்டில் இருக்கும் உனக்கு அத்தகைய மீறல் நாடுகடத்தல்வரை கொண்டுபோய் விடக்கூடும். இதை வக்கீலிடம் தனியாகக் கேள்.

உன் தாத்தாவிடம் உரிமத்தோடு ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது உனக்கு நினைவிருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். நான் யாரைச் சுடப் போகிறேன் என்று அவர் ஒரு நாளும் வாதாடியதில்லை. ரசீதை மட்டும் திருநீற்றுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் உன்னைக் காக்கும் என்றும் சொன்னாய். டெக்சாஸைச் சேர்ந்த ரஹிமி என்பவர் இதையே சொல்லித்தான் உச்ச நீதிமன்றம்வரை போனார். பிறருடைய உடலுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்று 2024 ஜூன் 21 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தார்கள். இத்தகைய உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்னும், அந்த வழக்குக்கு அடிப்படையான மத்தியச் சட்டம் 1994இல் வந்தது. 2022க்குப் பிறகு அதை மீறினால் சிறைத் தண்டனை 15 ஆண்டுகள்வரை. நோட்டீஸ் கொடுத்து விசாரித்தபின் பிறக்கும் உத்தரவுக்குத்தான் அது பொருந்தும் என்பதால், இன்றைக்கு உன்னைக் கட்டுவது மாநிலச் சட்டம். விசாரணையில் உத்தரவு உறுதியானால் இரண்டும் கட்டும்.

"அவளை நான் சுடுவேனா அப்பா?" என்று கேட்டாயே, அதற்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. கதவை உதைத்தது நீதான் என்று நீயே ஒப்புக்கொண்டாய். அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கும் வீட்டில், அந்தச் சத்தத்தைக் கதவுக்கு உட்புறமிருந்து கேட்டவள் என் மருமகள். அவள் பயந்தது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. உன் அம்மாவும் சொல்லவில்லை.

ஒப்படைத்ததும் ரசீதைப் படமெடுத்து எனக்கும் வக்கீலுக்கும் அனுப்பு. நல்ல செய்திதானே என்று நினைத்து அவளுக்கு அனுப்பிவிடாதே. உத்தரவின்படி அதுவும் தொடர்புகொள்வதுதான். அவளுக்குத் தெரிய வேண்டியதை நீதிமன்றம் தெரிவிக்கும்.

அப்பா